பாட்டிலில் ஊர் பெயர், பாக்கெட்டில் மலை பெயர்

இந்த இதழுக்கு ஒயின் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் நம்ம எடிட்டோரியல் டீமில் ஒரு சின்ன அமைதி. பயப்பட வேண்டாம். நான் ஒயின் குடிச்சதும் இல்லை, உங்களைக் குடிக்கச் சொல்லவும் வரலை. இது டீ பற்றிய கட்டுரைதான். ஆனா டீயைப் பற்றி என் ரூம்மேட் கேட்ட ஒரு கேள்விக்கு, இத்தாலி ஒயின் லேபிளைப் படிச்ச பிறகுதான் எனக்குப் பதில் புரிஞ்சுது. அதனால அந்த வழியாகவே உங்களையும் கூட்டிட்டுப் போறேன்.

போன செமஸ்டர் லீவ் முடிஞ்சு கீழ் கோத்தகிரியிலிருந்து கிளம்பும்போது, அம்மா வழக்கம்போல ஒரு கிலோ டீத்தூள் கட்டிக் கொடுத்தாங்க. எங்க தோட்டத்து இலை போகிற ஃபேக்டரியிலேயே வாங்கினது. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கு. ஹாஸ்டலில் கெட்டிலில் டீ போட்டோம். ரூம்மேட் மதுரைக்காரன். குடிச்சுட்டுக் கேட்டான்: "மச்சி, இது ஒரிஜினல் நீலகிரி டீயா? எந்த கிரேடு?"

"எங்க வீட்டு இலைடா. இதைவிட ஒரிஜினல் வேற என்ன வேணும்?" என்றேன்.

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். ஆன்லைன் கடையில் நீலகிரி முத்திரை போட்ட ஒரு டீ. 100 கிராம் விலை, என்னோட ஒரு கிலோ பாக்கெட்டை விட அதிகம். "அப்போ உன்னோடது என்ன டீ?"

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன், பிறந்ததிலிருந்து தேயிலைச் செடிக்கு நடுவில் வளர்ந்தவன், என்கிட்ட பதில் இல்லை. என் பாக்கெட்டில் எந்த முத்திரையும் இல்லை.

கிரேடு வேற, ஊர் வேற

முதலில் அவன் கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. "எந்த கிரேடு?" என்பது ஒன்று. "எந்த ஊர்?" என்பது இன்னொன்று. நம்மில் நிறைய பேர் இரண்டையும் கலந்துடறோம்.

கிரேடு என்பது பெரும்பாலும் சல்லடை விஷயம். ஃபேக்டரியில் காய்ந்து வரும் தேயிலையைப் பல அளவுள்ள சல்லடைகளில் போட்டுப் பிரிப்பாங்க. முழு இலை, உடைந்த இலை, அதைவிடச் சின்ன துண்டு, கடைசியாகத் தூள். முழு இலை வகையில் ஓபி, அதாவது ஆரஞ்சு பெக்கோ. இதுக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் சம்பந்தமே இல்லை. உடைந்தது பிஓபி. தூள் வகையில் பிடி, ஆர்டி, எஸ்ஆர்டி. எஸ்ஆர்டி என்றால் சூப்பர் ரெட் டஸ்ட். நம்ம டீக்கடை மாஸ்டர் வடிகட்டிப் பையில் போடுவது பெரும்பாலும் இந்தத் தூள் ரகம்தான். சீக்கிரம் இறங்கும், கலர் வரும், பால் ஊற்றினாலும் கடுப்பு நிற்கும்.

டஸ்ட் என்ற பெயரைக் கேட்டு ஃபேக்டரியில் கூட்டி அள்ளினது என்று நினைக்காதீங்க. அது அளவின் பெயர். நல்ல இலையிலிருந்தும் டஸ்ட் வரும், சுமாரான இலையிலிருந்தும் முழு இலை டீ வரும்.

மெக்கானிக்கல் மக்களுக்காக இன்னொரு விஷயம். டீ செய்ய இரண்டு பெரிய வழிகள் உண்டு. பழைய வழி ஆர்தடாக்ஸ்: வாட்டிய இலையை ரோலிங் மெஷினில் சுருட்டி, ஆக்சிஜனோடு வினை புரிய விட்டு, காய வைப்பது. இலை பெரும்பாலும் இலையாகவே இருக்கும். இன்னொன்று சிடிசி: நசுக்கி, கிழித்து, சுருட்டுவது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிர் திசையில் சுற்றும். ஒன்றின் வேகம் இன்னொன்றைப் போல சுமார் 10 மடங்கு. நடுவில் மாட்டும் இலை குருணை குருணையாக வெளியே வரும். 1930களில் அசாமில் உருவான முறை இது. இன்று தென்னிந்தியாவில் தயாராகும் டீயில் பெரும்பகுதி சிடிசி. எங்க இலையும் அதில்தான் போகுது.

சரி, கிரேடு முடிஞ்சுது. இரண்டாவது கேள்வி, ஊர். அதுக்குத்தான் இத்தாலி போகணும்.

இத்தாலிக்காரன் போட்ட நாலு படி

இத்தாலியில் 20 மாநிலங்கள் மாதிரியான பிரதேசங்கள் இருக்கு. எல்லாவற்றிலும் ஒயின் உண்டு. பல ஊர்களில் ஒயினின் பெயரே ஊர் பெயர்தான். பரோலோ ஒரு ஊர், அதுவே ஒயினின் பெயரும். கியாந்தி ஒரு மலைப்பகுதி, அதுவே ஒயினின் பெயரும். ஒரு ஊர் ஒயினுக்கு மவுசு வந்தால் என்ன ஆகும்? பக்கத்து ஊர்க்காரனும் அதே பெயரை ஒட்டுவான். இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1716-லேயே தஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கியாந்தி உள்பட நாலு பகுதிகளுக்கு எல்லை வரைந்து, அந்த எல்லைக்கு வெளியே விளைந்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று ஆணை போட்டார்.

நாடு முழுக்க சட்டம் வந்தது 1963-ல். அதன் பிறகு வந்த மாற்றங்களையும் சேர்த்து, இன்று அது நாலு படி.

அடிப்படி, வெறும் ஒயின். முன்பு இதை மேசை ஒயின் என்று சொன்னாங்க. எங்கே விளைந்தது என்ற உத்தரவாதம் குறைவு.

இரண்டாவது ஐஜிடி. ஒரு பெரிய பகுதியின் பெயரைப் போடலாம், விதிகள் கொஞ்சம் தளர்வு. இது 1992 சட்டத்தில் வந்தது.

மூன்றாவது டிஓசி. தமிழில் சொன்னால் 'கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பிறப்பிடப் பெயர்'. இதில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதிப்புத்தகம் இருக்கும். எல்லை எது, எந்தத் திராட்சை, ஒரு ஹெக்டேருக்கு அதிகபட்சம் எவ்வளவு விளைச்சல், எத்தனை மாதம் பதப்படுத்தணும், எல்லாம் எழுதியிருக்கும்.

மேல்படி டிஓசிஜி. கடைசி ஜி என்பது 'உத்தரவாதம்'. விதிகள் இன்னும் இறுக்கம். பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு குழு சுவைத்துப் பார்த்துச் சரி சொல்லணும். பாட்டிலில் எண் போட்ட அரசு முத்திரைப் பட்டை ஒட்டணும். 1963 சட்டத்திலேயே இந்தப் படி இருந்தாலும், முதல் டிஓசிஜி ஒயின்கள் வந்தது 1980-ல்தான்.

உதாரணத்துக்கு பரோலோ. 11 ஊராட்சிகளின் எல்லைக்குள் விளைந்த நெபியோலோ என்ற ஒரே திராட்சை. ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது. குறைந்தது 38 மாதம் பதப்படுத்தணும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இவ்வளவும் செஞ்சாத்தான் அந்த ஊர் பெயரைப் போடலாம்.

இந்தக் கண்டிப்பு வெறும் கௌரவத்துக்காக இல்லை. 1986-ல் இத்தாலியில் சிலர் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து, 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தாங்க. பாட்டிலில் என்ன இருக்கு, எங்கிருந்து வந்தது என்று யாராவது பொறுப்பேற்றே ஆகணும் என்ற நிலை அதன் பிறகு இன்னும் வலுத்தது.

மேல்படி என்றால் நல்ல சுவையா?

இங்கதான் நான் முதலில் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். டிஓசிஜி என்றால் முதல் ரேங்க், மேசை ஒயின் என்றால் அரியர் என்று நினைச்சேன். அப்படி இல்லை.

தஸ்கனி கடலோரத்தில் போல்கெரி என்று ஒரு பகுதி. அங்கே ஒரு தோட்டத்தில் பிரான்ஸ் நாட்டுத் திராட்சையான கபர்னேயில் சஸ்ஸிகாயா என்ற ஒயின் செஞ்சாங்க. 1968 அறுவடைதான் முதன்முதலில் கடைக்கு வந்தது. அந்தப் பகுதி விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு ஒயினுக்கு இடமே இல்லை. அதனால உலகமே கொண்டாடிய அந்த ஒயின், சட்டப்படி வெறும் மேசை ஒயினாகவே பல வருஷம் விற்றது. 1994-ல்தான் அதுக்கு டிஓசி கிடைச்சுது. ஒயின் மாறலை, புத்தகம் மாறுச்சு.

இதை வேற மாதிரியும் செஞ்சிருக்காங்க. ப்ரொசெக்கோ என்பது ஒரு திராட்சையின் பெயராகவும் இருந்தது. திராட்சைப் பெயரை உலகத்தில் யாரும் போடலாம், தடுக்க முடியாது. அதனால 2009-ல் அந்தத் திராட்சையின் பெயரையே க்ளேரா என்று மாற்றிட்டாங்க. திரியெஸ்தே பக்கத்தில் ப்ரொசெக்கோ என்று ஒரு கிராமம் இருக்கு. எல்லையை அதையும் சேர்த்து நீட்டி, "ப்ரொசெக்கோ என்பது எங்க ஊர் பெயர்" என்று ஆக்கிட்டாங்க.

ஆக, இந்தப் படிகள் நேரடியாகச் சொல்வது இரண்டே விஷயம்: எங்கே விளைந்தது, எந்த விதிப்படி செய்தது. எவ்வளவு ருசி என்பதை அவை அளப்பதில்லை. அந்த விதியை யார் எழுதினாங்க என்பதைப் பொறுத்து யார் உள்ளே, யார் வெளியே என்பது மாறும். இதை மனசில் வெச்சுக்கிட்டு மலை ஏறலாம் வாங்க.

நம்ம மலையின் பெயர்

இத்தாலியில் ஒயின் சட்டம் வந்த அதே 1963-ல்தான் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கியது. அதுக்கும் நூறு வருஷம் முன்பு, 1860களிலேயே கோத்தகிரிப் பக்கம் தேயிலை நட்டாச்சு. ஆனா பெயரைக் காப்பாற்றும் சட்டம் நமக்கு ரொம்பத் தாமதமாக வந்தது. புவிசார் குறியீடு சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் நம்ம சென்னையில்தான் இருக்கு. இந்தியாவிலேயே முதலில் பதிவானது டார்ஜிலிங் டீ. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயரைத் தன் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

எங்க மாவட்டத்திலும் குறியீடுகள் இருக்கு. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல், ஊட்டி வர்க்கிக்கு 2023-ல். டீயில் தொட்டுச் சாப்பிடும் வர்க்கிக்கே கிடைச்சாச்சு. டீக்கு? அதுக்கும் உண்டு. 2008-09 காலத்திலேயே பதிவாகிடுச்சு. பதிவின் உரிமையாளர் இந்திய தேயிலை வாரியம்.

ஆனா பதிவான பெயரைக் கவனமாப் படிங்க: 'நீலகிரி ஆர்தடாக்ஸ்'.

அந்த இரண்டாவது வார்த்தைதான் என் ரூம்மேட் கேள்விக்குப் பதில். எங்க இலை கீழ் கோத்தகிரி மண்ணில் விளைந்தது. பெரிய எஸ்டேட் இலை மாதிரியே அதே பனி, அதே மழை. கோத்தகிரிச் சரிவு மலையின் கிழக்குப் பக்கம் என்பதால் வடகிழக்குப் பருவமழை எங்களுக்கு நல்லாவே கிடைக்கும். ஆனா அந்த இலை சிடிசி உருளைக்குள் போன நிமிஷமே, குறியீட்டுக்கு வெளியே போயிடுது. ஊர் சரி, விதி பொருந்தலை. சஸ்ஸிகாயா மாதிரி ருசியில் உலகத்தை ஜெயிச்சோம்னு நான் சொல்ல வரலை. ஆனா நிலைமை அதே மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தேயிலை பறித்த இலையை வீட்டில் வைக்க முடியாது. அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போகணும். ஒன்றரை ஏக்கர்காரன் சொந்தமா ஃபேக்டரி வைக்க முடியாது. அதனால இலை வாங்கும் தனியார் ஃபேக்டரிக்கோ, இன்ட்கோசர்வ் கூட்டுறவு ஃபேக்டரிக்கோ கொடுக்கிறோம். அங்கே பல கிராமத்து இலை ஒன்றாகக் கலக்குது. ஏலத்தில் ஃபேக்டரியின் பெயர் வரைக்கும் தெரியும். வாங்குகிற கம்பெனி அதை வேற டீயோட கலந்து தன் பிராண்டில் போட்டதும் அதுவும் போயிடுது. கடைசியில் உங்க கப்பில் எங்க ஊர் இருக்கும், பெயர் இருக்காது.

ஒரு வார்த்தைக்கு எத்தனை ரூபாய்?

"பெயர் இல்லைன்னா என்ன, டீ விற்குதுல்ல?" என்று கேட்கலாம். கணக்குப் போடுவோம்.

பச்சைத் தேயிலைக்கு ஒரு விலைப் பங்கீட்டு முறை இருக்கு. ஏலத்தில் தூள் விற்ற சராசரி விலையில் 65 சதவீதம் இலை கொடுத்த விவசாயிக்கு, 35 சதவீதம் ஃபேக்டரிக்கு. இந்த அடிப்படையில் தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச சராசரி விலையை அறிவிக்கும். ஒரு கிலோ தூள் செய்ய 4 கிலோவுக்கு மேல் பச்சை இலை வேணும். சுலபத்துக்கு 4 என்றே வைப்போம்.

தூள் விலை கிலோ 100 ரூபாய் என்று வைங்க. விவசாயிக்கு 65. அதை 4-ஆல் வகுத்தால் ஒரு கிலோ இலைக்கு 16 ரூபாய் 25 காசு. இதில்தான் பறிக்கூலி, உரம், வண்டிக் கூலி எல்லாம். அதே தூள் 140 ரூபாய்க்குப் போனால் இலைக்கு 22 ரூபாய் 75 காசு. வித்தியாசம் ஆறரை ரூபாய். இந்த 100, 140 எல்லாம் நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். ஆனா அந்த ஆறரை ரூபாய் மாதிரி ஒரு வித்தியாசத்தில்தான் எங்க பக்கம் ஒரு குடும்பம் தோட்டத்தை வெச்சிருக்குமா, வித்துட்டு கோயம்புத்தூரோ திருப்பூரோ போகுமா என்பது முடிவாகுது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு 2023-ல் நீலகிரி சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்ததும் இதுக்காகத்தான்.

என் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வருதுன்னு நீங்களே ஊகிச்சுக்கலாம்.

அப்போ சிடிசிக்கும் பெயரைக் கொடுத்துட்டா போதுமா?

லீவில் இதை அப்பாகிட்ட ஆர்வமா விளக்கினேன். பரோலோ, 38 மாதம், 8 டன், எல்லாம். பொறுமையாக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த 8 டன்னுக்கு மேல வந்தா என்ன பண்ணுவாங்க?"

"அந்தப் பெயரில் விற்க முடியாதுப்பா."

"அப்போ அவனுக்கு மீதிக்கும் சேர்த்து விலை கிடைக்குது. அதான் குறைச்சுப் பறிக்கிறான்."

இதுதான் உண்மையான முடிச்சு. நல்ல டீக்கு இரண்டு இலை ஒரு மொட்டு பறிக்கணும். நாங்க பல நேரம் அப்படிப் பறிக்கிறதில்லை. ஆள் கிடைக்காததால கத்தரி வெச்சு வெட்டுறோம், முற்றின இலையும் சேர்ந்து போகுது. நாலாவது இலையையும் விட்டுட்டு வந்தால் எடை குறையும், விலையோ அதேதான். பெயர் இல்லாததால விலை இல்லை, விலை இல்லாததால தரம் இல்லை, தரம் இல்லாததால பெயர் இல்லை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிச்ச ஃபீட்பேக் லூப் இது. எங்க வீட்டு வாசலில்தான் ஓடிட்டு இருந்திருக்கு.

இத்தாலியில் இந்த லூப்பை உடைச்சது வெறும் அரசுச் சட்டம் மட்டும் இல்லை. சட்டம் வருவதற்கு 39 வருஷம் முன்பு, 1924-ல், கியாந்தி மலையில் 33 உற்பத்தியாளர்கள் ஒன்றா உட்கார்ந்து ஒரு சங்கம் தொடங்கினாங்க. தங்கள் பெயரைத் தாங்களே காப்பாற்றணும் என்பதுதான் நோக்கம். அவங்க வெச்ச அடையாளம்தான் கருப்புச் சேவல். இன்றைக்கும் கியாந்தி கிளாசிக்கோ பாட்டிலில் அந்தச் சேவல் இருக்கும். விதி எழுதினவங்களே அந்த விதிப்படி நடக்க வேண்டியவங்களாகவும் இருந்தாங்க.

நம்மகிட்ட கூட்டுறவு ஃபேக்டரிகள் ஏற்கெனவே இருக்கு. இந்த ஃபேக்டரி, இந்தக் கிராமங்கள், இப்படித்தான் பறித்தது என்று சொல்லி ஒரு பாக்கெட்டை விற்க முதலில் ஒரு குறியீடுகூடத் தேவையில்லை, எழுதி வைத்த விதியும் அதை மீறாத ஆட்களும் போதும். சிலர் கொஞ்சமாகக் கையால் பறித்து, ஆர்தடாக்ஸ் செய்து விற்கவும் ஆரம்பிச்சிருக்காங்க. எல்லாராலும் முடியுமா? அப்பா இன்னும் நம்பலை. எனக்கும் பாதி நம்பிக்கைதான். ஆனா முதல் வருஷமாவது நல்ல இலைக்குத் தனி விலை தருகிற ஒருத்தர் கிடைச்சா, எங்க தோட்டத்தில் ஒரு பாத்தியில் கத்தரியைக் கீழே வெச்சுப் பார்க்கலாம் என்று ஒத்துக்கிட்டார். அதுவே பெரிய விஷயம்.

அடுத்த தடவை டீ வாங்கும்போது

நீங்க செய்ய வேண்டியது சின்ன வேலை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிடிசியா, ஆர்தடாக்ஸா? கிரேடு எது? தேயிலை வாரியத்தின் நீலகிரி முத்திரை இருக்கா, இல்லை மலைப்படம் மட்டும் அச்சடிச்சிருக்கா? எந்த ஃபேக்டரி அல்லது எஸ்டேட் என்று போட்டிருக்கா? டூர் போற இடத்தில் 'ஒரிஜினல் நீலகிரி டீ' என்று போர்டு வெச்சிருந்தா, இந்த நாலு கேள்வியையும் கேளுங்க. பதில் வந்தா வாங்குங்க. சிடிசி என்று நேர்மையாச் சொன்னாலும் வாங்குங்க, பால் டீக்கு அதுதான் சரி.

ரூம்மேட்டுக்கும் பதில் சொல்லிட்டேன். என் பாக்கெட் மேல மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கேன்: "சிடிசி. டஸ்ட். கீழ் கோத்தகிரியும் சுற்றுக் கிராமங்களும். முத்திரை இல்லை." அவன் படிச்சுட்டு, "லேபிள் ஓகே மச்சி, டீ தீரப் போகுது" என்றான். அடுத்த லீவுக்குப் போய்ட்டு வரும்போது கொண்டு வரேன். வேணும்கிறவங்க பாலோட ரூமுக்கு வாங்க.